எல்லைகளை அளந்தவர்: ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸின் வாழ்வும் காலமும்

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தின் அரியணை ஏறிய 1837ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தமையனோடு நில அளவைச் சங்கிலியை இழுத்துக்கொண்டு பெட்ஃபர்ட்ஷயர் வயல்களில் நடக்கத் தொடங்கினான். தந்தை சட்டம் பயின்றும் வழக்கறிஞராகத் தொழில் செய்யாதவர். கையிலிருந்த பொருளைப் பயனற்ற முயற்சிகளில் இழந்தவர். ஒன்பது குழந்தைகளில் எட்டாவதாக, 1823 ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அஸ்க் நகரருகே பிறந்த அச்சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பு அத்துடன் முடிந்துபோயிற்று. பல்கலைக்கழகத்தின் வாயிற்படியை மாணவனாக அவன் ஒருபோதும் மிதிக்கவில்லை. ஆயினும், உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்ற வினாவுக்கு அந்நூற்றாண்டு கண்ட விடையில் அவனுக்கும் பங்குண்டு. ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் அப்பெயர் இன்றளவும் பெரும்பாலும் டார்வின் பெயரின் பின்னிணைப்பாகவே சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்வது அவரைக் குறைத்துச் சொல்வது மட்டுமன்று. அவருடைய அறிவு எங்கிருந்து பிறந்தது என்பதையும் மறைத்துவிடுகிறது. டார்வின் செல்வர் வீட்டுப் பிள்ளை; கேம்பிரிட்ஜில் பயின்றவர். வாலஸ் நில அளவர். நிலம் அளந்த கண்ணே பின்னர் உயிர்களின் எல்லைகளையும் கண்டது.

அக்காலத்தில் நில அளவர்க்கு வேலை மிகுந்திருந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தானியமாகச் செலுத்திவந்த பழைய வழக்கத்தை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. அதற்கென ஒவ்வோர் ஊருக்கும் வயல் வயலாகப் படம் வரைய வேண்டியிருந்தது. இதனோடு மற்றொரு பணியும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஏழைக் குடியானவர்கள் ஆடு மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த ஊர்ப் பொது நிலங்களை வேலியிட்டு, நிலவுடைமையாளர்க்குப் பங்கிட்டுத் தரும் பணி அது. வேல்ஸின் ராட்னர்ஷயர் பகுதியில் தமையன் வில்லியமும் தம்பி ஆல்ஃபிரெடும் அப்பணியைச் செய்தனர். அன்று அதில் தவறு ஏதும் இருப்பதாக இளைஞர் வாலஸுக்குத் தோன்றவில்லை. மலைச்சரிவின் செடிகொடிகளுக்குப் பெயர் கண்டறிவதிலேயே அவர் மனம் ஈடுபட்டிருந்தது. தாம் வரைந்த கோடுகள் எவரெவருடைய வாழ்வை வெட்டிச் சென்றன என்பதை அவர் உணர்ந்து எழுதியது பல ஆண்டுகள் கழித்து. 1905இல் வெளிவந்த தன்வரலாற்றில் அதனைக் கொள்ளை என்றே கடிந்துரைத்தார்.

வேலை குறைந்தபோது 1844இல் லெஸ்டர் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். அந்நகர நூலகம் அவருக்கு இரண்டு கொடைகளை அளித்தது. ஒன்று, மக்கள்தொகை பற்றிய மால்தஸின் நூல். மற்றொன்று, ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற நண்பர். பேட்ஸ் காலுறை வணிகக் குடும்பத்து இளைஞர். வண்டு சேகரிப்பில் தீராத மோகம் கொண்டவர். 1845இல் வில்லியம் இறந்தார். அவ்வேளையில் எழுந்த இருப்புப்பாதைப் பேரலையில் மீண்டும் அளவைப் பணி கிடைத்தது. சிறிது பணமும் சேர்ந்தது. அப்பணத்தை முதலாகக்கொண்டு, 1848 ஏப்ரலில் வாலஸும் பேட்ஸும் அமேசான் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பாரா நகருக்குக் கப்பலேறினர்.

அவர்கள் அரசுப் பணியிற் சென்ற ஆய்வாளர்கள் அல்லர்; எவரும் அவர்களுக்கு ஊதியம் தரவில்லை. பறவைகளைப் பாடம் செய்தும் பூச்சிகளை ஊசியில் குத்தியும் லண்டனுக்கு அனுப்புவர். அங்கே சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் அவற்றை அருங்காட்சியகங்களுக்கும் செல்வர்களுக்கும் விற்பார். வந்த பணத்தில் அடுத்த பயணம். விற்று உண்ணும் இவ்வாழ்வைச் சிலர் இழிவாகக் கருதினர். ஆனால் ஒரே இனத்தில் பத்து, இருபது என்று திரட்ட வேண்டிய கட்டாயம் இவ்வணிகத்தில் இருந்தது. ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் இனம் மாறாத அச்சுப்போலத் தோன்றும். நூறு வண்டுகளை அடுக்கிப் பார்ப்பவருக்கோ எந்த இரண்டும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை என்பது விளங்கும். வறுமை அவருக்கு அளித்த பாடம் இது.

நான்காண்டுகள் அமேசானிலும் ரியோ நீக்ரோவிலும் உவாப்பெஸ் ஆற்றிலும் அலைந்தார். துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட், 1851இல் பாரா நகரில் மஞ்சள் காய்ச்சலால் மாண்டார். மறு ஆண்டு ஜூலையில், உயிருள்ள விலங்குகளையும் தம் சொந்தச் சேகரிப்பையும் ஏற்றிக்கொண்டு ஹெலன் என்ற கப்பலில் தாயகம் புறப்பட்டார். ஆகஸ்ட் 6ஆம் நாள் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. புகை சூழ்ந்த அறைக்குள் புகுந்து அவர் எடுத்துவந்தது ஒரு சிறு தகரப் பெட்டி மட்டுமே. பனைமரங்களையும் மீன்களையும் வரைந்த தாள்களும் சில குறிப்புகளும் அதில் இருந்தன. ஏனைய நாட்குறிப்புகள், பறவைகள், பூச்சிகள் அனைத்தும் கண்ணெதிரே எரிந்தன. பத்து நாட்கள் திறந்த படகில் கிடந்து, வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு, அக்டோபர் முதல் நாள் இங்கிலாந்தில் கால் வைத்தார். முகவர் ஸ்டீவன்ஸ் முன்யோசனையுடன் 200 பவுனுக்குக் காப்பீடு செய்து வைத்திருந்ததால் பட்டினியின்றித் தப்பினார்.

எழுதுவோர்க்குக் கையெழுத்துப் படிகள் எரிந்துபோவது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாலஸ் முடங்கிவிடவில்லை. மூன்றே மாதங்களுக்குள், 1852 டிசம்பரில், லண்டன் விலங்கியல் சங்கத்தில் அமேசான் குரங்குகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சிறிய கட்டுரைதான், எனினும் அவருடைய வாழ்நாட் சிந்தனையின் விதை அதில் இருந்தது. அருங்காட்சியகங்களில் உள்ள விவரச்சீட்டுகளில் ‘பிரேசில்’, ‘பெரு’ என்று மட்டும் எழுதியிருப்பதால் பயனில்லை. எந்த ஆற்றின் எந்தக் கரை என்பது தெரிய வேண்டும் என்பது அவர் முறையீடு. அமேசான், ரியோ நீக்ரோ, மதெய்ரா ஆகிய பேராறுகளின் ஒரு கரையில் வாழும் குரங்கு மறுகரையில் இல்லை. காட்டு வேட்டைக்காரர்கள் இதனை நன்கறிவர். குறிப்பிட்ட விலங்கு வேண்டுமெனில் ஆற்றைக் கடந்து மறுகரைக்கே செல்வர். பெரும் புலவர்கள் பொருட்படுத்தாத இச்செய்தியை வேடர்களின் வாயிலாகக் கேட்டு எழுதியவர், வயல் வரப்புகளை அளந்து பழகிய ஒருவர் என்பது தற்செயல் அன்று. ரியோ நீக்ரோ, உவாப்பெஸ் ஆறுகளுக்கு அவர் வரைந்த படத்தை 1853இல் அரச புவியியல் சங்கம் வெளியிட்டது.

அச்சங்கத்தின் உதவியால் கிடைத்த கப்பற் பயணச்சீட்டோடு 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்திறங்கினார். புக்கித் தீமாவில் பிரெஞ்சு மறைப்பணியாளர் ஒருவரின் இல்லத்தில் தங்கி, சீனத் தொழிலாளர் மரம் வெட்டிய இடங்களில் வண்டு பிடித்தார். வெட்டுண்டு அழுகும் மரங்களில் வண்டுகள் மொய்த்தன; ஒரு சதுர மைல் அளவான அக்காட்டில் ஏறத்தாழ 700 இனங்கள் கிடைத்தன. புலிக்கு வெட்டிய குழிகள் இலை மூடிக் கிடந்தமையால் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. நகரின் பன்மொழி மக்களையும் அவர் கவனித்து எழுதினார். கடைகாரர்களாகவும் சிறு வணிகர்களாகவும் விளங்கிய ‘கிளிங்’ மக்களை மேற்கு இந்தியாவைச் சேர்ந்த இசுலாமியர் என்று குறித்தார். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களே அவர்களிற் பெரும்பாலோர். வண்டுக்கும் குரங்குக்கும் கரை தவறாமல் எழுத வேண்டும் என்று வாதிட்டவர், தமிழருக்குக் கரையை மாற்றி எழுதிவிட்டார்.

அடுத்த எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளில் கழிந்தன. ஏறத்தாழ 14,000 மைல் பயணம், 1,25,660 மாதிரிகள். அவற்றுள் வண்டுகள் மட்டும் 83,200; பறவைகள் 8,050. ஒவ்வொன்றின் ஊசியிலும் சிறு வட்டத் தாளில் தீவின் பெயர். 1855 பிப்ரவரியில், சராவாக் ஆற்று முகத்துவாரத்து வீடொன்றில் மழைக்காலத் தனிமையில் அமர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். புதிய இனம் ஒன்று தோன்றும்போது, அதனை மிகவும் ஒத்த முந்தைய இனம் வாழ்ந்த அதே இடத்தை ஒட்டியும், அதே காலத்தைத் தொடர்ந்துமே தோன்றுகிறது என்பது அதன் சாரம். எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு அதில் விடையில்லை. நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் அதைப் படித்துத் திடுக்கிட்டார். விரைந்து எழுதி வெளியிடுமாறு டார்வினைத் தூண்டினார். டார்வினோ அதனைத் தொடக்கத்தில் பெரிதாகக் கருதவில்லை.

1856 ஜூனில் நிகழ்ந்ததை வாலஸ் திட்டமிடவே இல்லை. மக்காசாருக்கு நேரே செல்லக் கப்பல் கிடைக்காமையால் பாலித் தீவின் வழியே போக நேர்ந்தது. பாலியில் இரண்டு நாட்கள் தங்கினார். குக்குறுவான், மரங்கொத்தி முதலிய பறவைகள். எல்லாம் ஆசியாவின் உறவுகள். அங்கிருந்து லொம்பொக் தீவுக்குச் சென்றார். இடைப்பட்ட நீரிணை அவர் கணக்கில் 15 மைல். பாலியின் மலைமுடி லொம்பொக் கரையிலிருந்து தெரியும். ஆனால் லொம்பொக்கில் குக்குறுவான் இல்லை. அதற்கு மாறாகக் காக்கட்டூ என்னும் வெண்கொண்டைக் கிளிகள் கூட்டமாகப் பறந்தன. ஆஸ்திரேலியாவுக்கு உரிய தேனுண்ணிப் பறவைகள் கூவின. இலையும் மண்ணும் குவித்து மேடிட்டு, அவ்வெப்பத்தில் முட்டையைப் பொரியவிடும் பறவைகள் திரிந்தன. மண் ஒன்று, மழை ஒன்று, எரிமலை ஒன்று. பறவைகள் மட்டும் வேறு. தட்பவெப்பத்துக்கு ஏற்ப உயிர்கள் தனித்தனியே படைக்கப்பட்டன என்றால் இதற்கு விளக்கம் ஏது?

நிலத்தின் வரலாறே விளக்கம் என்றார் வாலஸ். ஆழமற்ற கடல் சூழ்ந்த சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆகியன ஒருகாலத்தில் ஆசியாவோடு ஒட்டியிருந்தவை. ஆழ்கடலுக்கு அப்பாற்பட்டவை அவ்வாறு ஒட்டியிருந்ததில்லை. 1863இல் நிலப்படத்தில் அவர் இட்ட கோட்டுக்கு, 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி ‘வாலஸ் கோடு’ எனப் பெயரிட்டார். கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைநாட்டப்பட்டது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்தபோதும் பாலிக்கும் லொம்பொக்குக்கும் இடைப்பட்ட ஆழ்நீர் வற்றவில்லை என்பதும் பின்னரே தெளிவாயிற்று. இவை எவற்றையும் அறியாத ஒருவர், பறவைகளைக் கொண்டே கடலடியில் இருந்த எல்லையைக் கண்டார்.

1858 பிப்ரவரியில் மொலுக்காத் தீவுகளில் குளிர்க்காய்ச்சல் கண்டு, வெயிற் பகலிலும் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். அப்போது பல ஆண்டுகளுக்கு முன் லெஸ்டரில் படித்த மால்தஸ் நினைவுக்கு வந்தார். நோயும் பஞ்சமும் மக்களைக் குறைப்பதுபோல விலங்குகளையும் குறைக்கின்றன. அவற்றில் எஞ்சுபவை எவை? சூழலுக்கு மிகவும் இயைந்தவை. குளிர் தணிவதற்குள் கோட்பாடு உருப்பெற்றது. அடுத்த சில மாலைகளில் எழுதி முடித்து, டார்வினுக்கே அஞ்சலில் அனுப்பினார். கட்டுரையின் அடியில் ‘தெர்னாத்தே’ என்று இடம் குறித்துள்ளார். ஆனால் நாட்குறிப்பை ஆராய்ந்தோர் சிலர், அந்நாட்களில் அவர் அண்டைத் தீவாகிய கிலோலோவில் இருந்திருக்க வேண்டும் என்கின்றனர். வாழ்நாள் முழுவதும் இடப்பெயருக்காக வாதிட்டவரின் தலைசிறந்த எழுத்துக்கே இடம் ஐயத்துக்கு உரியதாகிவிட்டது.

அக்கட்டுரை டார்வினைக் கலங்கச் செய்தது. 1842இலும் 1844இலும் அவர் இதே கருத்தை எழுதி வைத்திருந்தார், வெளியிடவில்லை. இதே வேளையில் ஜூன் 28ஆம் நாள் அவருடைய பச்சிளங் குழந்தை செங்காய்ச்சலால் இறந்தது. என் செய்வது என்று நண்பர்கள் லயலிடமும் ஹூக்கரிடமும் ஒப்படைத்தார். அவர்கள் 1858 ஜூலை முதல் நாள் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தையும் ஒருசேரப் படிக்கச் செய்தனர். டார்வினின் பகுதிகள் முதலில்; வாலஸின் கட்டுரை இறுதியில். டார்வின் வரவில்லை. வாலஸோ நியூகினியின் டோரே கடற்கரையில் இருந்தார்; தம் கட்டுரை படிக்கப்படுவதே அவருக்குத் தெரியாது. மறு ஆண்டு அச்சங்கத் தலைவர், சென்ற ஆண்டில் குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு ஏதும் நிகழவில்லை என்று பேசினார்.

வாலஸ் வஞ்சிக்கப்பட்டார் என்று எழுதுவோர் உண்டு. டார்வினின் முன்மை கையெழுத்துப் படிகளால் உறுதிப்படுவது. திருட்டு என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் ஒருவருடைய எழுத்தை அவர் இசைவு பெறாமல், அச்சுப்படியையும் காட்டாமல் வெளியிட்டது முறையன்று. கடிதம் போய்வரப் பல மாதங்கள் ஆகும் என்பது காரணமாகலாம், நியாயமாகாது. செல்வாக்குள்ள இருவர் தம் நண்பரின் உரிமையைக் காத்தனர்; தூரத்திலிருந்த வண்டு வணிகருக்காகப் பேச அந்த அவையில் எவரும் இல்லை. செய்தி எட்டியபோது வாலஸ் மகிழ்ந்தார். பேரறிஞர்கள் தம்மைப் பொருட்படுத்தினர் என்று அன்னைக்கு எழுதினார். 1869இல் வெளிவந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்ற நூலை டார்வினுக்கே படையல் செய்தார். அவர் காட்டியது பெருந்தன்மைதான். ஆனால் வேறு எதையும் காட்ட அவருக்கு இடமிருந்ததா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேசுவோர் இல்லாத மற்றொருவரும் இவ்வரலாற்றில் உண்டு. 1855இல் சராவாக்கில் சமையற் பணிக்கு வந்த அலி என்ற மலாய் இளைஞர், விரைவில் பறவை சுடவும் தோலுரித்துப் பாடம் செய்யவும் கற்று, வாலஸின் வலக்கையானார். அவருக்கு மலாய் மொழி பழக உதவினார். காய்ச்சலில் பணிவிடை செய்தார். 1858 அக்டோபரில் பாச்சான் தீவில் ஒரு நாள் மாலை, இடுப்பில் தொங்கிய பறவையொன்றைக் கொண்டுவந்து காட்டினார் அலி. மார்பில் பச்சை ஒளிர, தோள்களிலிருந்து நீண்ட வெள்ளிறகுகள் எழுந்த புதுவகைச் சொர்க்கப் பறவை அது. லண்டனில் ஜார்ஜ் கிரே அதற்குச் சூட்டிய பெயரில் வாலஸ் இருக்கிறார், அலி இல்லை. அலியே அப்பறவையைக் கொணர்ந்தார் என்பதை வாலஸ் மறைக்காமல் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பயண நூல்களில் அது அரிது.

1862இல் தாயகம் திரும்பிய பின் வாலஸ் மேலும் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். நிலையான பணி எதுவும் கிட்டவில்லை. பூமி தட்டையானது என்று சவால் விட்டவருக்கு 1870இல் ஆறு மைல் நீளக் கால்வாயில், தம் பழைய அளவைக் கருவிகளின் துணையோடு வளைவை மெய்ப்பித்துக் காட்டினார். பந்தயத்தில் வென்றும், சட்டப்படி பந்தயம் செல்லாது என்ற தீர்ப்பினால் பொருளிழந்தார். தோற்றவரின் வசைமொழியைப் பல ஆண்டுகள் தாங்கினார். ஆவியுலக நம்பிக்கையில் ஈடுபட்டார். அம்மை குத்துவதை எதிர்த்தார். இவ்விரண்டிலும் அவர் தவறினார் என்பதில் ஐயமில்லை. மனித அறிவு இயற்கைத் தேர்வால் மட்டும் விளைந்ததன்று என்று 1869இல் எழுதி டார்வினை வருத்தினார். ஆனால் அவ்வாதத்தின் தொடக்கம் நினைக்கத்தக்கது. காட்டில் வாழ்வோரின் மூளை ஐரோப்பியரின் மூளைக்கு ஏறக்குறைய நிகரானது என்பதை அவர் அவர்களோடு உண்டு உறங்கிக் கண்டிருந்தார். டார்வினும் அவருடைய நண்பர்களும் முயன்றதால் 1881 முதல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைத்தது.

அதே 1881இல் நிலத்தை நாட்டுடைமையாக்கக் கோரும் சங்கத்துக்கு வாலஸ் தலைவரானார். ராட்னர்ஷயரில் அன்று சங்கிலி பிடித்த கைகள் இப்போது, நிலம் எவருடைய தனிச்சொத்தும் ஆகலாகாது என்று நூல் எழுதின. அறிவியல் நண்பர்கள் பலர் இதனைக் கிழவரின் பித்து என ஒதுக்கினர். ஆனால் எல்லைக்கோடு என்பது இயற்கையில் எங்கே உண்டு, மனிதர் போட்டது எங்கே என்று இரண்டையும் தம் கையாலேயே அளந்தறிந்தவர் அவர். 1913 நவம்பர் 7ஆம் நாள், 90ஆம் வயதில், டார்செட் மாவட்டத்து பிராட்ஸ்டோனில் மறைந்தார்.

அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1907இல், தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தே வந்தார். நிறம் மங்கிய நீலத் தொப்பி அணிந்த முதிய மலாய்க்காரர் ஒருவர் அவரை அணுகினார். 1862இல் சிங்கப்பூரில் விடைபெற்றபோது, துப்பாக்கிகளும் பணமும் அளித்து வாலஸ் அனுப்பிவைத்த அதே அலி. தெர்னாத்தேயில் மணம் செய்துகொண்டு அங்கேயே முதுமை எய்தியிருந்தார். தம்மை அவர் அலி வாலஸ் என்று சொல்லிக்கொண்டார்.